கழற்றியது திரும்பி வந்தது, அறுத்தது வரவில்லை: ஒரு 1994 புல்லட்டை கஃபே ரேசராக மாற்றிய அனுபவம்

## பின்னணி

வண்டி 1994-ஆம் ஆண்டு புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சி.சி., நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உரிமையாளருக்கு வயது முப்பத்து மூன்று. நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் வேலை. வண்டியை வாங்கியவர் அவருடைய தந்தை. முழங்கால் வலியால் கிக்கர் உதைக்க முடியாமல் போனபின் ஆறு ஆண்டுகள் அது கோவையில் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. ஆர்.சி. புத்தகம் மகன் பெயருக்கு மாறியிருந்தது. பதிவு 2024 வரை செல்லும் என்றிருந்தது.

மூன்று பேர் நடத்தும் சிறிய பட்டறை எங்களுடையது. பழைய வண்டிகளைப் பழையபடியே ஓட வைப்பதுதான் பிழைப்பு. வடிவத்தை மாற்றும் வேலையை அதற்கு முன் இரண்டு முறைதான் செய்திருந்தோம், இரண்டும் சிறியவை. நான் அங்கே எஞ்சின் வேலை பார்ப்பவன். இந்த வண்டியில் நடந்த தவறுகளில் பாதி என் கையால் நடந்தவை என்பதால் இதை எழுதும் கடமையும் எனக்கே.

உரிமையாளர் கைபேசியில் பதினைந்து படங்கள் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே உருவம்: தாழ்ந்த ஹேண்டில்பார், நேர்க்கோட்டில் படுத்த டேங்க், பின்னால் ஒரு சிறு திமிலோடு ஒற்றை ஆள் இருக்கை, மட்கார்டு இல்லாத பின்சக்கரம்.

கஃபே ரேசர் எனப்படும் இந்த உருவம் பிறந்த இடம் 1950, 60-களின் இங்கிலாந்து. லண்டனின் வட சுற்றுச்சாலையில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே போன்ற சாலையோர உணவகங்களில் கூடிய இளைஞர்கள் மணிக்கு நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்காகத் தங்கள் வண்டிகளை மாற்றினார்கள். ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 1964-இல் கான்டினென்டல் ஜி.டி. என்ற 250 சி.சி. வண்டியை அந்தப் பாணியில் விற்றது. நம் வண்டியின் எஞ்சின் 18 குதிரைத்திறன். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இழுவைக்குப் பிறந்த எஞ்சின் அது, ஓட்டப்பந்தயத்துக்கு அல்ல. உரிமையாளருக்கும் இது தெரியும். "வேகம் வேண்டாம் அண்ணா, தோற்றம்தான் வேண்டும்" என்றார். தோற்றம் மட்டும் போதும் என்று ஒருவர் சொல்லும்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை நாங்கள் கேட்கவில்லை: நின்றிருக்கும்போது உள்ள தோற்றமா, ஓட்டும்போது உள்ள தோற்றமா?

## வண்டி வந்தபோது கண்டவை

டேங்க் உள்ளே துரு. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் பசையாக உறைந்திருந்தது. வயர்களின் உறை கைபட்டால் உதிர்ந்தது. முன் பிரேக் லைனிங் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது. இவை எதிர்பார்த்தவைதான்.

எதிர்பாராதது எஞ்சினின் நிலை. சிலிண்டரைக் கழற்றி அளந்தோம். மேலிருந்து கீழ்வரை தேய்மானம் சீராக, அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தது. தந்தை எண்ணெய் மாற்றிய தேதிகளைக் கிலோமீட்டரோடு ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தபின் காரணம் விளங்கியது. சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கும் 'போர்' வேலை செய்யாமல் பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஃபிரேமில் விரிசலோ வளைவோ இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வந்த நாளில் அந்த ஃபிரேம் முழுமையாக இருந்தது.

## முதல் திட்டம்

பட்ஜெட் 60,000 ரூபாய். ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது, இருக்கையை ஒற்றையாக்குவது, பின் மட்கார்டு, பெட்டிகள், கிராஷ் கார்டு, சேலை கார்டு ஆகியவற்றை நீக்குவது, திறந்த ஏர் ஃபில்டர், குட்டையான சைலன்சர், புதிய வயரிங், பவுடர் கோட்டிங் என்ற சூட்டில் படியவைக்கும் பெயின்ட்.

முன் பிரேக்குக்கு டிஸ்க் போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றோம். இரண்டு பிரேக் ஷூக்களும் முன்னோக்கிப் பிடிக்கும் ஏழு அங்குல டிரம், பிற்காலப் புல்லட்களில் வந்தது, அப்படியே பொருந்தும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்ற வேண்டியதில்லை. இந்த வேலையில் முதல் நாள் எடுத்து இன்றுவரை மாற்றத் தேவைப்படாத முடிவு இது ஒன்றுதான்.

நீக்கியவற்றை ஒரு சாக்கில் கட்டி, பக்கத்து இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 21 கிலோ. கடைக்காரர் அங்கேயே விலை சொன்னார். உரிமையாளர் விற்கத் தயாராக இருந்தார். எங்கள் பட்டறையின் மூத்தவர் மட்டும், "ஒரு வருடம் பரணில் கிடக்கட்டும், சோறா கேட்கப்போகிறது?" என்று சாக்கைத் திரும்பத் தூக்கி வந்தார். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அன்று சம்பாதித்ததிலேயே பெரிய தொகை அதுதான்.

## அறுத்தது

திமில் இருக்கைக்கு ஃபிரேமின் பின்பகுதி குறுகி, மேல்நோக்கி வளைந்த ஒரு வளையமாக முடிய வேண்டும். படங்களில் அப்படித்தான் இருந்தது. ஷாக் அப்சார்பரின் மேல்முனை பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் இருபுறமும் குழாயை அறுத்து, வளைத்த குழாய் ஒன்றை முனைக்கு முனை வைத்துப் பற்றவைத்தோம். பற்றவைத்த கோடு அழகாக வந்தது. அதைத் தேய்த்து வழித்து, இருந்த இடமே தெரியாமல் ஆக்கினோம்.

இரண்டு பிழைகள். குழாயை முனைக்கு முனை ஒட்டும்போது உள்ளே ஒரு சிறு உருளையைச் செருகி, வெளிக்குழாயில் துளையிட்டு அந்தத் துளைகள் வழியாகவும் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் வளைவு விசை முழுவதும் ஒரே கோட்டில் விழாது. அதைச் செய்யவில்லை. இரண்டாவது, தோற்றத்துக்காகப் பற்றைத் தேய்த்தபோது அதன் பலத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டோம்.

இதைவிட அடிப்படையான கேள்வி, அறுக்க வேண்டிய தேவை இருந்ததா என்பது. லண்டன் இளைஞர்களின் வண்டிகளில் பெரும்பாலான மாற்றங்கள் போல்ட்டால் பூட்டுபவை: தாழ்ந்த ஹேண்டில், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், வேறு டேங்க், வேறு இருக்கை. பந்தயம் முடிந்தால் மறுநாள் வேலைக்கும் அதே வண்டியில்தான் போக வேண்டும் அவர்களுக்கு. பின்வளையத்தை அறுத்துச் சுருக்குவது பெரிதும் படம் எடுப்பதற்காக வளர்ந்த வழக்கம் என்பது என் கருத்து.

## கை, இடுப்பு, கால்

இந்தப் பகுதியில்தான் அதிக நாள் வீணானது.

பழைய புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்ப் மீட்டர் மூன்றையும் சுமக்கும் அந்தப் பெரிய வார்ப்பு வெறும் மூடி அல்ல. ஃபோர்க் குழாய்களின் மேல்முனையைப் பிடித்திருப்பதே அதுதான். அதை எடுத்தால் ஃபோர்க்குக்குத் தலை இல்லை. ஃபோர்க் குழாயிலேயே பூட்டும் கிளிப்-ஆன் ஹேண்டில் வேண்டும் என்றதால் அதை எடுத்தோம். அதற்குப் பதிலாக அலுமினியக் கட்டியிலிருந்து மேல் தட்டு ஒன்றைக் கோவையின் கணபதி பகுதியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினோம். துல்லியமான வேலை, 9,500 ரூபாய். கடைந்தவர்மீது எந்தக் குறையும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார், கேட்டது நாங்கள்.

கைப்பிடி பழைய இடத்திலிருந்து 19 சென்டிமீட்டர் கீழே இறங்கியது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. கையை எட்டிப் பிடித்தால் முழங்கால் வயிற்றை நோக்கி வந்தது, முதுகு கேள்விக்குறியாக வளைந்தது. அன்று வண்டியைப் பார்க்க வந்த தந்தை சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டிக்கு ஏன் கூன் விழுந்திருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். மகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே ஃபுட்ரெஸ்ட்டை 24 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினோம். உடனே வலப்பக்கத்தில் கிக்கர் வந்து மோதியது. உதைத்தால் பாதி தூரத்தில் ஃபுட்ரெஸ்ட்டின் மேல் 'டங்' என்று நின்றது. முதல் முறை உதைத்தவன் நான்தான். செருப்புக்குள் குதிகால் இரண்டு நாள் வலித்தது. மடங்கும் ஃபுட்ரெஸ்ட் போட்டுச் சமாளித்தோம். வண்டியைக் கிளப்பும் சடங்கில் ஒரு படி கூடியது: சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் குனிந்து ஃபுட்ரெஸ்ட்டை மடக்க வேண்டும்.

கியர் பெட்டியில் குதிகாலால் மிதித்து நியூட்ரலுக்கு வரும் தனிச் சிறு லீவர் ஒன்று உண்டு. இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். கால் பின்னால் போனதும் அது எட்டாத தூரமாகிவிட்டது.

இவையெல்லாம் அசௌகரியங்கள். கியர் லீவரோ ஆபத்து. இந்தப் பெட்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பின்தள்ளிய லீவரை ஒரு கம்பியால் கியர் ஷாஃப்டோடு இணைத்தபோது, ஷாஃப்டின் சிறு கையை மேல்நோக்கிப் பூட்டினோம். அதனால் வரிசை தலைகீழானது. ஸ்டாண்டில் நிறுத்தி எல்லாக் கியரும் விழுகிறதா என்று பார்த்தோம், விழுந்தது. எந்தத் திசையில் விழுகிறது என்று பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவிநாசி சாலையில் உரிமையாளர் மூன்றாம் கியரிலிருந்து நான்காவதுக்கு மிதித்தார். இரண்டாவது விழுந்தது. எஞ்சின் அலற, பின்சக்கரம் பூட்டி இழுபட, வண்டி அரை மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தது. பின்னால் வந்த பஸ் தொலைவில் இருந்ததால் கதை இத்தோடு முடிந்தது. ஷாஃப்டின் கையைக் கீழ்நோக்கித் திருப்பிப் பூட்ட எங்களுக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம்.

## எஞ்சின்

காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, பெட்ரோல் வரும் அளவை மட்டும் பழையபடி விட்டுவைத்தோம். திறந்த ஏர் ஃபில்டர், குட்டை சைலன்சர், பழைய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை). ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்ததால் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை என்று முடிவு செய்தது நான்.

என் கணக்கு பிசகிய இடம் இது: நகரத்தில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கால்வாசி, அரைவாசிதான் திறக்கிறது. அங்கே பெட்ரோலைத் தீர்மானிப்பது பைலட் ஜெட்டும் ஊசியும். மெயின் ஜெட்டின் ஆட்சி த்ராட்டிலை அதற்குமேல் திறக்கும்போதுதான் வருகிறது. நான் சோதித்தது ஒன்று, மாற்றியது பாதித்தது வேறொன்று.

அறிகுறிகள் இருந்தன. எக்ஸாஸ்ட் குழாய் சிலிண்டருக்கு அருகே நீலம் பாய்ந்திருந்தது. உரிமையாளர் அதை அழகென்று நினைத்துப் படம் எடுத்தார். மேட்டுப்பாளையம் சாலையில் ஏற்றம் வரும்போது எஞ்சினில் உலோகத் தட்டல் கேட்டதாகவும் சொன்னார். ஒரு ஞாயிறு காலை தொடர்ந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது எஞ்சின் கையைப் பிடித்து இழுத்ததுபோல் இறுகியது. அவர் உடனே கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் பூட்டவில்லை. ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டபின் மெதுவாக வந்து சேர்ந்தார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிஸ்டனின் முன்பக்கத்தில் விரல் அகலத்துக்கு உராய்வுக் கோடுகள். அந்த டைரிக்காரர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றிய சிலிண்டரை நாங்கள் இரண்டு மாதத்தில் போருக்கு அனுப்பினோம். 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் ஏறியது. செலவைப் பட்டறை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் முக்கால் த்ராட்டிலில் சிறிது தூரம் ஓடி, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம்கட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்தோம். மூன்றாவது ஜெட்டில் நிறம் சரியானது. ஆனால் ஐப்பசி மழையில் திறந்த ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சி வண்டி இரண்டு முறை நின்றதால், அந்த உழைப்பும் நீடிக்கவில்லை.

## 900 கிலோமீட்டரில் விரிசல்

சர்வீசுக்கு வந்த வண்டியைக் கழுவும்போது, இடப்பக்கப் பற்றின் கீழ்விளிம்பில் பெயின்ட்டில் முடி இழைபோல் ஒரு கோடு தெரிந்தது. துடைத்தால் போகவில்லை. அதன் ஓரத்தில் துருவின் நிறம் கசிந்திருந்தது. பெயின்ட்டைச் சுரண்டினோம். குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு விரிசல் ஓடியிருந்தது. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு, திமிலுக்குள் வைத்திருந்த பேட்டரியின் எடை, ஓட்டுபவரின் எடை, எல்லாமே அந்த ஒரு கோட்டின் மீது.

வண்டியை அன்றே நிறுத்தினோம்.

## ஆர்.டி.ஓ. பக்கம்

இதற்குள் மறுபதிவுக்கு எட்டு மாதமே இருந்தது. தொடக்கத்தில் பேசியிருக்க வேண்டியதை அப்போதுதான் உட்கார்ந்து பேசினோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182அ பிரிவு, சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நாங்கள் செய்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். பாதியில் பேனாவைக் கீழே வைத்தார் உரிமையாளர்.

சேலை கார்டும் வெறும் அலங்காரம் அல்ல. பின்னிருக்கை உள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால்வைப்பு, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆர்.சி.யில் இருக்கை இரண்டு என்று இருந்தது, வண்டியில் ஒன்றுதான் இருந்தது.

## திருப்பியதும் திரும்பாததும்

பரணிலிருந்து சாக்கு இறங்கியது. மட்கார்டு, பெட்டிகள், சேலை கார்டு, பழைய சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் ஒரே நாளில் தத்தம் இடத்துக்குப் போயின. மெயின் ஜெட் மீண்டும் பழைய அளவு. ஹெட்லைட் வார்ப்பு திரும்ப ஏறியது. அதன்மேல் பழைய கிளாம்பிலேயே பொருந்தும், ஒரே குழாயில் வளைத்த தாழ்ந்த ஹேண்டில் பூட்டினோம். அதன் விலை 1,800 ரூபாய். கைப்பிடி இப்போது பழைய இடத்திலிருந்து 9 சென்டிமீட்டர் கீழே. ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்துக்கே போனது, நியூட்ரல் லீவர் மீண்டும் காலுக்கு எட்டியது. தட்டையாகத் தைத்த இரண்டு பேர் இருக்கை, தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை இருக்கை போலவே இருக்கிறது.

ஃபிரேமின் பின்பகுதி மட்டும் அப்படித் திரும்பவில்லை. புதுப்பேட்டையில் அதே வகை ஃபிரேமின் பின்பகுதியைத் தேடி இரண்டு முறை சென்னைக்குப் போனோம். கிடைத்தவை துருவேறியவை, அல்லது எங்கிருந்து வந்தன என்று சொல்ல முடியாதவை. கடைசியில் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு, பழைய அளவுக்கு நேர்க்குழாய் வைத்து, உள்ளே உருளை செருகி, துளைப் பற்றோடு வேறொரு வெல்டரிடம் செய்வித்தோம். இம்முறை பற்றைத் தேய்க்கவில்லை. தடித்த தழும்பாகத் தெரிகிறது, தெரியட்டும்.

மறுபதிவுக்குக் கொண்டுபோனபோது, ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து முதலில் கேட்டது சேசிஸ் எண்ணை. பவுடர் கோட்டிங் தடிமனாகப் படிந்து பொறித்த எண்களை நிரப்பியிருந்தது. வளாகத்திலேயே பெயின்ட் நீக்கும் திரவமும் பித்தளை பிரஷும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தபின்தான் எண் படிக்கக் கிடைத்தது. ஃபிரேமில் செய்த பழுதுபார்ப்பையும் காட்டினோம். ஹேண்டில்பாரை மட்டும் குறிப்பிட்டார். பழையதை மாட்டி மறுநாள் வரச் சொன்னார். அதுவும் பரணில் இருந்தது. பதிவு புதுப்பிக்கப்பட்டது. அதன்பின் தாழ்ந்த ஹேண்டிலை மீண்டும் மாட்டச் சொல்லி உரிமையாளர் கேட்டார். மாட்ட மறுத்துவிட்டோம். அது இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.

மொத்தச் செலவு 1,43,000 ரூபாய். அதில் 31,000 திருப்பியதற்கு. எஞ்சின் போர் செலவு இதில் சேரவில்லை.

## இப்போது மாற்றிச் செய்வது

இதன்பின் வந்த மூன்று பேரில் ஒருவருக்கு, ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டு வேலையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். மற்ற இருவரிடமும் அறுப்பதில்லை என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொன்னோம். கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு ஒட்டி வாடிக்கையாளரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். பவுடர் கோட்டிங்குக்குப் போகும் முன் சேசிஸ் எண்ணின் மேல் வெப்பம் தாங்கும் டேப். காற்று வழியில் எதைத் தொட்டாலும் நெடுஞ்சாலையில் ஓடி பிளக் நிறம் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பதில்லை.

முதல் நாள் வேலையும் மாறிவிட்டது. வண்டியைச் சுவரோரம் ஸ்டாண்டில் நிறுத்தி, பி.வி.சி. குழாயில் ஹேண்டில்பார் போல ஒன்று செய்து, கேட்கும் உயரத்தில் டேப்பால் கட்டுகிறோம். வாடிக்கையாளரை அதில் இருபது நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். குழாய்க்கு 80 ரூபாய். இதுவரை உட்கார்ந்த இருவருமே, நாங்கள் திரும்பி வரும்முன் ஹேண்டிலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள்.